சோறும் செவியும்

புயலைப் பாடியோர் பலர்; புயல் ஓய்ந்த மறுநாளை எழுதியோர் சிலரே. காற்றுக்கும் வெள்ளத்துக்கும் இயல்பாகவே ஒரு நாடகத்தன்மை உண்டு. மறுநாளுக்கு அது கிடையாது. அன்று எஞ்சுவன ஈரத் துணியும், பசியும், அடக்கம் செய்யப்படாத பிணங்களும், யாரிடம் சொல்லி அழுவது என்னும் ஏக்கமுமே. அந்த மறுநாளைப் படைப்பாளன் எவ்வாறு கையாள்கிறான் என்பதைக் கொண்டு அவனுடைய மனிதநேயத்தை அளந்துவிடலாம்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' என்னும் நாவல் இவ்வளவையில் தேறி நிற்கிறது. 'அவர்களின் விழிகள் கடவுளை நோக்கியிருந்தன' என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். இந்நாவலைப் பலரும் ஒரு பெண்ணின் காதற்கதையாகவும் விடுதலைக் கதையாகவும் படித்து வருகின்றனர். அது பிழையன்று. ஆயினும், புயலில் எல்லாவற்றையும் இழந்து திரும்பிய ஒருத்தியை ஊர் எவ்வாறு ஏற்றது என்னும் வினாவிலேயே இந்நூல் தொடங்குகிறது. அவ்வினாவுக்கு விடை கூறி முடிகிறது. இதைக் கருத்திற் கொள்ளாத திறனாய்வு நூலின் பாதியையே கண்டதாகும்.

கதையின் தொடக்கத்தைக் காண்போம். பொழுது சாயும் நேரம். கதைத்தலைவி ஜேனி, வேலையாள் அணியும் முரட்டு உடையோடு, ஈட்டன்வில் என்னும் தன் பழைய ஊருக்குத் தனியே நடந்து வருகிறாள். திண்ணைகளில் அமர்ந்திருப்போர் அவளைப் பார்க்கின்றனர். அவளை அழைத்துச் சென்ற இளைஞன் எங்கே, கைப்பணம் எங்கே, நல்ல உடை எங்கே என்று தங்களுக்குள் கேட்டுக் கொள்கின்றனர். அவளிடம் எவரும் கேட்கவில்லை. தோழி ஃபீபி மட்டும் எழுந்து, ஒரு வட்டில் நிறையச் சோற்றை மூடி எடுத்துக்கொண்டு, நெருங்கிப் பழகியோர் நுழையும் பக்கவாயில் வழியே செல்கிறாள். சோற்றில் கொழுப்புப் போதவில்லை, ஆனாலும் பசியைத் தீர்க்கும் என்று சொல்லிக் கொடுக்கிறாள். ஜேனி உண்கிறாள், நடந்து களைத்த கால்களைக் கழுவுகிறாள். அதன் பின்னரே கதை பிறக்கிறது. நாவல் முழுவதும் ஃபீபியின் செவிக்குச் சொல்லப்பட்டதாகவே அமைந்துள்ளது.

இங்குள்ள வரிசைமுறை மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. முதலில் சோறு, பிறகு கால் கழுவ நீர், பிறகு செவி. வந்தவளிடம் ஃபீபி ஆறுதல் மொழிகளை அள்ளி வீசவில்லை. உண்ணும்வரை துருவித் துருவிக் கேட்கவும் இல்லை. பொருளுதவி வேறு, மன ஆறுதல் வேறு என்று இரண்டு துறைகளாக நாம் பிரித்துப் பேசுவது வழக்கம். ஹர்ஸ்டனின் உலகில் அந்தப் பிரிவினை இல்லை. வட்டிலை ஏந்தி வந்தவளே செவியையும் கொண்டு வந்தாள்.

இனி, அப்புயல் கற்பனையன்று. 1928ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இரவு, ஃபுளோரிடாவைத் தாக்கிய சூறாவளியால் ஓகிசோபி ஏரியின் தென்கரை உடைந்தது. மண்ணால் எழுப்பிய தாழ்ந்த கரை அது. குறைந்தது 2,500 பேர் மாண்டனர் என்பது இன்றைய கணக்கு. மாண்டோருள் பெரும்பாலோர் தோட்டங்களில் கூலிக்கு உழைத்த கறுப்பின மக்கள். பகாமாசுத் தீவுகளிலிருந்து வந்தோரும் அவர்களுள் இருந்தனர். ஹர்ஸ்டன் அன்று அங்கிருந்தவர் அல்லர். ஆனால் அடுத்த ஆண்டிலேயே பகாமாசில் ஒரு கடும் புயலை அவர் நேரில் கண்டார். நாவலில் வீசும் காற்று ஏட்டில் படித்த காற்றாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

ஜேனியும் அவள் கணவன் டீ கேக்கும் அவரை பயிரிடும் அச்சேற்று நிலத்தில் வாழ்கின்றனர். பழங்குடியினர் மேட்டு நிலம் நோக்கி நடக்கின்றனர். நண்பன் ஒருவன் வண்டியில் இடம் தருவதாக அழைக்கிறான். கூலி நன்றாகக் கிடைக்கும் காலம் என்று டீ கேக் மறுத்துவிடுகிறான். கரை உடைந்தபின் இருவரும் நீந்தியும் நடந்தும் ஒரு பாலத்தை அடைகின்றனர். அங்கே ஏற்கெனவே வெள்ளையர் நிறைந்திருக்கின்றனர்; இவர்களுக்கு இடமில்லை. வெள்ளத்தில் ஜேனியைக் காக்கும் முயற்சியில் டீ கேக்கை ஒரு நாய் கடித்துவிடுகிறது.

இதற்கு அடுத்து வரும் பகுதியே நாவலின் மிகக் கூர்மையான பகுதி. பாம் பீச் நகரில் துப்பாக்கி ஏந்திய இருவர் டீ கேக்கைப் பிடித்துச் சென்று, பிணங்களைப் புதைக்கும் வேலையில் அடிக்கின்றனர். வெள்ளையர் பிணம் வேறு, கறுப்பர் பிணம் வேறு என்று பிரிக்குமாறு கட்டளை. வெள்ளையருக்குச் சவப்பெட்டி, மற்றவருக்குச் சுண்ணாம்புத் தூளும் ஒரு பொதுக் குழியும். நீரில் ஊறிய உடல்களில் நிறம் தெரியவில்லை என்றால் தலைமயிரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமாம். கடவுளுக்கு நிறப்பாகுபாட்டுச் சட்டம் தெரியாது என்று இவர்கள் அஞ்சுகிறார்கள் போலும் என டீ கேக் எள்ளி நகையாடுகிறான். வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. வெஸ்ட் பாம் பீச் நகரில் கறுப்பின மக்கள் 674 பேர் ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். வெள்ளையர் 69 பேருக்கு வேறு இடுகாடு. அந்தக் குழி பல்லாண்டுகள் பெயர்ப்பலகையின்றிக் கிடந்து, 2002இல்தான் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

புயலில் தப்பியோர்க்கு உணவும் கூரையும் வேண்டும் என்பது எவர்க்கும் புலப்படும். இறந்தோரை முறையாக அடக்கம் செய்தலும் உயிரோடிருப்போர்க்குச் செய்யும் உதவியே என்பது அவ்வளவு எளிதிற் புலப்படுவதில்லை. கையறுநிலை என்று ஒரு துறையையே வகுத்துக்கொண்ட தமிழ் மரபில் பயின்றோர் இதை உடனே உணர்வர். பின்னர் டீ கேக் இறந்தபோது ஜேனி தன் பணத்தை வரவழைத்து, வலிய கல்லறையும் புதிய இசைக்கருவியும் வாங்கி, ஊர்வலமாக எடுத்துச் சென்று அடக்கம் செய்கிறாள். இதனை வீண் ஆடம்பரம் எனக் கருதுவோர், சுண்ணாம்புக் குழியை மறந்தவர் ஆவர். அவளோ வேலை உடையிலேயே நிற்கிறாள். துயரப்படுவதில் மூழ்கியிருந்தவளுக்குத் துயரத்துக்குரிய உடை உடுத்த நேரமில்லை.

டீ கேக்கின் இறப்பும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கடித்தது வெறிநாய். அன்றே ஊசி மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்கிறார் மருத்துவர். நான்கு வாரம் கழித்து நோய் வெளிப்பட்டபோது மருந்தைப் பாம் பீச்சிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. அறிவு பிறழ்ந்து தன்னைச் சுட வந்த கணவனை, ஜேனி தானே சுட நேர்கிறது. ஆகவே புயல் கொன்றது ஓர் இரவில் மட்டுமன்று. உரிய நேரத்தில் உதவி எட்டாமையால் ஒரு திங்கள் கழித்தும் கொன்றது. ஹர்ஸ்டன் இதை விளக்கிச் சொற்பொழிவாற்றவில்லை. நிகழ்ச்சியை அடுக்கிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

இந்த ஒதுக்கத்தையே ரிச்சர்ட் ரைட் குறையாகக் கண்டார். புகழ்பெற்ற அந்நாவலாசிரியர் 1937இல் எழுதிய மதிப்புரையில், இந்நூலில் கருப்பொருளும் இல்லை, செய்தியும் இல்லை என்று கடிந்தார். அவர் பாலத்தையும் பிணக்குழியையும் எங்ஙனம் கடந்து சென்றார் என்பது வியப்பே. எனினும், நூலில் ஒரு குறை உண்மையாகவே உண்டு. தப்பிப் பிழைத்த தோட்டத் தொழிலாளர் மீண்டும் குடில் அமைத்ததையும், கூலியின்றிக் கழித்த நாள்களையும் ஹர்ஸ்டன் சில பத்திகளிலேயே முடித்துவிடுகிறார். ஜேனிக்கு வங்கியில் பணம் இருந்தது. திரும்பி வர ஒரு வீடு இருந்தது. அவை இல்லாதோரின் கதை இந்நூலில் எழுதப்படவில்லை.

அக்கதையை எழுதியவர் ஜெஸ்மின் வார்ட். மிசிசிப்பிக் கரையில் 2005ஆம் ஆண்டின் கத்ரீனாப் புயலை நேரில் பட்டவர் அவர். 2011இல் வெளிவந்த 'சால்வேஜ் த போன்ஸ்' நாவலில், தாயற்ற ஏழைக் குடும்பமொன்று வீட்டையே இழந்து நண்பன் வீட்டில் ஒண்டுகிறது. கருவுற்றிருக்கும் சிறுமி எஷ் இடிபாடுகளிடையே வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிறாள்; அவற்றை நூலிற் கட்டித் தொங்கவிட்டால் நடந்ததை அவை சொல்லும் என்பது அவள் எண்ணம். குழந்தைக்குத் தந்தை இல்லையே என்றபோது, தந்தையர் பலர் இருக்கிறார்கள் என்கிறான் அந்த நண்பன். ஃபீபியின் வட்டிலுக்கு இணையான சொல் இது. ஆயினும் வார்ட்டின் நடையில் உவமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சில இடங்களில் துயரை மறைத்துவிடுகின்றன. ஹர்ஸ்டனிடம் அந்த மிகை குறைவு.

ஹர்ஸ்டன் 1960இல் வறுமையில் இறந்தார். பெயர் பொறிக்காத குழியில் புதைக்கப்பட்டார். 1973இல் ஆலிஸ் வாக்கர் தேடிச் சென்று அவ்விடத்தில் கல் நாட்டினார். நாவல் 1978இல் மறுபதிப்புக் கண்டு வகுப்பறைகளுக்குள் நுழைந்தது.

நாவலின் இறுதிக்கு மீள்வோம். கதை முடியும்போது நன்றாக இருட்டிவிட்டது. இவ்வளவையும் கேட்டதனாலேயே தான் உயர்ந்துவிட்டதாக ஃபீபி சொல்கிறாள். இனித் தன் கணவனிடம் மீன்பிடிக்கத் தன்னையும் அழைத்துச் செல்லுமாறு கேட்கப் போகிறாளாம். உதவ வந்தவளே ஒன்றைப் பெற்றுச் செல்கிறாள். ஜேனி சேற்று நிலத்து வீட்டிலிருந்த பொருள் அனைத்தையும் பிறர்க்குக் கொடுத்துவிட்டு வந்தவள். டீ கேக் விதைப்பதற்கென வாங்கி வைத்திருந்த ஒரு விதைப் பொட்டலத்தை மட்டுமே தன்னோடு கொண்டு வந்திருக்கிறாள். அதை அவள் விதைத்தாளா என்பதை ஹர்ஸ்டன் எழுதவில்லை.