கோடிட்ட இடத்தை நிரப்புதல் (சொல்லறிவுத் தேர்வு)

கோடிட்ட இடத்தை நிரப்புதல் என்பது, ஒரு தொடரிலிருந்து ஒரு சொல்லை நீக்கிவிட்டு, அவ்விடத்துக்குப் பொருந்தும் சொல்லை மாணவர் தாமே எழுதவோ, கொடுத்தவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யவோ கேட்கும் வினா வகையாகும். தொடக்கப்பள்ளி முதல் அரசுப் பணித் தேர்வுகள் வரை இது வழங்கி வருகிறது. எளிய வினா என்று பெயரெடுத்திருந்தாலும், பழுதில்லாமல் அமைப்பது கடினம். தொடரின் பொருள்தான் விடையை முடிவு செய்ய வேண்டும். வேறு எதுவும் முடிவு செய்தால் அங்கே சோதிக்கப்படுவது சொல்லறிவு அன்று.

வரலாறு

செருமானிய உளவியலாளர் எபிங்காசு, பள்ளிப் பிள்ளைகளின் மனக்களைப்பை அளப்பதற்காகச் சொற்களும் அசைகளும் விடுபட்ட பத்திகளை நிரப்பச் சொல்லும் முறையை 1897-இல் வெளியிட்டார். 1953-இல் அமெரிக்கரான வில்சன் டெய்லர், ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கிப் படிப்போரை நிரப்பச் செய்தார். மூலத்தில் இருந்த அதே சொல்லுக்கு மட்டுமே மதிப்பெண் தந்தார். அவர் அளந்தது பத்தியின் கடினத்தை. படிப்பவரின் அறிவை அன்று. ஆகவே அங்கு அது குறையாகாது. மாணவரை அளக்கும் தேர்வில் அதே கண்டிப்பைக் கையாள்வதற்கு அந்த நியாயம் கிடையாது.

நம் வினாத்தாள்களில் ‘____ நாட்டின் முதுகெலும்பு’ என்ற வினா பலருக்கும் பழக்கமானது. பாடத்தில் ‘உழவர்கள்’ என்று இருந்தால், ‘விவசாயிகள்’ என்று எழுதிய பிள்ளைக்குச் சுழி கிடைக்கிறது. பொருள் அறிந்த பிள்ளை தோற்று, வரியை மனப்பாடம் செய்த பிள்ளை வெல்கிறது.

புணர்ச்சி காட்டிக்கொடுத்தல்

இது தமிழுக்கே உரிய சிக்கல். ‘பசுவுக்குப் ____ போட்டார்’ என்ற தொடருக்குப் புல், தீவனம், தவிடு, வைக்கோல் என்று நான்கு விடைகள் தரப்படுவதாகக் கொள்ளலாம். பொருளால் நான்கும் பொருந்தும். ஆனால் முன்சொல்லில் நிற்கும் ‘ப்’ என்ற ஒற்று, ‘புல்’லைத் தவிர மற்ற மூன்றையும் விலக்கிவிடுகிறது. புல்லைக் கண்ணால் பார்த்திராத மாணவரும் சரியாக எழுதிவிடலாம்.

ஒற்றை நீக்கிவிட்டால் குறை தீரும் என்று சிலர் எண்ணுவர். தீராது. ‘பசுவுக்கு ____ போட்டார்’ என்று அச்சிட்டால், நான்காம் வேற்றுமை விரிக்குப் பின் வல்லினம் மிகும் என்று நன்கு படித்த மாணவர், ஒற்று இல்லாததைக் கண்டு வைக்கோலையே தெரிவு செய்வார். விடைக்குறிப்பில் ‘புல்’ என்று இருந்தால், இலக்கணம் அறிந்ததற்காகவே அவர் மதிப்பெண் இழக்கிறார்.

திணையும் பாலும் இவ்வாறே காட்டிக்கொடுக்கும். ‘தாயைக் கண்ட ____ ஓடி வந்தது’ என்ற தொடருக்குச் சிறுவன், மாணவி, குழந்தை என விடைகள் தந்தால், ‘வந்தது’ என்ற வினைமுற்றே விடையைச் சொல்லிவிடுகிறது.

ஒலிவேறுபாட்டு வினாக்களில் இத்தொல்லை குறைவு. ‘பையைத் ____ மாட்டினான்’ (தோலில், தோளில்) என்பதில் இரு விடைகளும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், ஒற்று எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. எளிய வகை என்று ஒதுக்கப்பட்டாலும், இவ்வகையில் நேர்மை மிகுதி.

நல்ல வினா ஒன்று

‘காலையில் கொடியில் போட்ட துணி மதியத்துக்குள் ____.’ (வற்றியது, உலர்ந்தது, வறண்டது, சுண்டியது)

நான்கும் ஒரே வகை வினைமுற்று. நான்கும் ஈரம் குறைவதையே சொல்கின்றன. எனினும் குளம் வற்றும், நிலம் வறளும், அடுப்பில் பால் சுண்டும், துணி உலரும். எது எதனோடு சேரும் என்று அறிந்தவரே விடையை அடைய முடியும். இங்கு ஒற்றும் இடையூறு செய்வதில்லை. ‘காய்ந்தது’ என்பதை நான்கில் ஒன்றாக வைத்திருந்தால் மட்டும் வினா கெட்டிருக்கும். துணி காயவும் செய்யும். இவ்வகை வினாவை எதிர்கொள்ளும் மாணவர், விடைகளைப் பார்க்குமுன் தொடர் முழுவதையும் படித்துத் தாமே ஒரு சொல்லை நினைத்துக்கொள்வது நல்லது. ‘எனினும்’, ‘ஆகையால்’ போன்ற இணைப்புச் சொற்கள் இருந்தால், அடுத்து வருவது முன்னதற்கு மாறானதா, அதன் விளைவா என்பதை அவையே சொல்லும்.

மரபுச்சொல் வினாக்கள்

சொல் மரபைக் கற்பிப்பது தமிழில் பழைய வழக்கம். தொல்காப்பியத்தின் மரபியல், இளமைப் பெயர்களை வகுத்தே தொடங்குகிறது. யானை பிளிறும், மயில் அகவும் என்பவற்றைப் பிள்ளைகள் அறிவது நன்றே. வினைமரபுப் பட்டியல்தான் இடறுகிறது. அதில் ‘பாய் முடை’ என்று இருப்பதால், ‘பாய் ____’ என்பதற்கு ‘நெய்தார்’ என்று எழுதினால் தவறு என்று அடிக்கப்படுகிறது. ஓலைப்பாயை முடைவார்கள். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையிலோ பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, கோரையை ஊடாகக் கொடுத்துப் பாய் நெய்கிறார்கள். அங்குத் தறியருகே வளர்ந்த பிள்ளை ‘நெய்தார்’ என்று எழுதினால், அது வீட்டில் நாள்தோறும் கேட்ட சரியான சொல். ‘ஓலைப்பாய்’ என்று தொடரில் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் இந்த வழக்கே எழாது.

‘பால் பருகு’ என்பதும் அப்படியே. விடைக்குறிப்பு ‘பருகினான்’ என்கிறது. ஊரெல்லாம் பால் குடிக்கிறது. ‘பால்குடி மறவாத பிள்ளை’ என்று சொல்லும் மொழியில், ‘குடித்தான்’ என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் மறுக்க விடைக்குறிப்பைத் தவிர வேறு சான்று இல்லை.