'டான்ஸ்' என்ற பெயரில் ஒரு வாழ்க்கை

காரைக்காலின் தலத்தெருவுக்குப் பக்கத்தில்தான் காரைக்கால் அம்மையார் கோயில். ஆண்டவன் ஆட, கையில் தாளத்தோடு அமர்ந்து பாடியவருக்கு ஆண்டுதோறும் ஆனியில் மாங்கனித் திருவிழா எடுக்கிறோம். பாடியவருக்கு இவ்வளவு செய்த காவிரி டெல்டாவில், நாடக மேடையில் ஆடிய பெண்ணுக்கு என்ன கிடைத்தது? தமிழ் இசை நாடக வரலாற்றைக் காதால் கேட்டே எழுதிவிட்டார்கள் என்பது என் எண்ணம். கிட்டப்பாவின் குரலுக்கும் கே.பி. சுந்தராம்பாளின் குரலுக்கும் பக்கம் பக்கமாக இடம் உண்டு. ஆடிய கால்களைப் பற்றி அங்கொரு வரி, இங்கொரு வரி.

இன்று நாம் இசை நாடகம் என்று சொல்வதற்கு உருவம் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் எல்லாம் அவர் எழுதியவை. 1918இல் மதுரையில் அவர் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பெண் வேடம் கட்டியவர்கள் சிறுவர்கள். மகரக்கட்டு உடையும்வரைதான் அவர்களுக்கு மவுசு. சுவாமிகள் மறைந்தது நம் புதுச்சேரியில். அடக்கமானதும் அங்கேயே, கருவடிக்குப்பத்தில்.

ஆனால் பெண்கள் அதற்கு முன்பே மேடையில் இருந்தார்கள். கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகத்துக்கு வருகிற கூட்டத்துக்காகவே இரவில் ரயில் ஓடியதாகவும், அதைப் 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே அழைத்ததாகவும் சொல்வார்கள். அவருக்குப் பின் வந்தவர் திருவையாற்றுக்காரர், டி.பி. ராஜலட்சுமி. சிறு வயதில் கட்டிவைத்த கல்யாணம் நிலைக்கவில்லை. பிழைப்புக்காகத் திருச்சியில் சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்தின் நாயகி இவர்தான். அதே திரையிடலில் அவருடைய குறத்தி நடனமும் தனித் துண்டுப் படமாகக் காட்டப்பட்டது. தமிழ்ப் பேசும்படத்தின் முதல் நாயகி ஆடிக்கொண்டேதான் வந்தார். 1936இல் 'மிஸ் கமலா' படத்தை இயக்கவும் செய்தார். அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் அந்தக் குறத்தி நடனத்தை ஏதோ விளையாட்டுச் செய்தி போலத் தாண்டிப் போய்விடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

சினிமா வந்து கம்பெனிகள் கலைந்தபின் நிலைத்தது ஸ்பெஷல் நாடகம். இதில் குழு கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ஊர்த் திருவிழாக் கமிட்டி ஒவ்வொரு கலைஞரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்கும். நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் வேறோர் ஊர். அன்றிரவு மேடையில்தான் பலருக்கு முகம் பார்க்கவே முடியும். கதை எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடிவிடும்.

'டான்ஸ்' என்று அழைக்கப்படும் ஆட்டக்காரியின் பார்ட்டுக்கு மட்டும் அந்த மனப்பாடக் கதை கை கொடுக்காது. இரவு பத்து மணி சுமாருக்குக் கோமாளியான பபூன் தனியாக வந்து பேசிச் சிரிக்கவைத்துக் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறார். உள்ளே சதங்கை குலுங்குகிறது. ஆர்மோனியம் சினிமா மெட்டு ஒன்றைப் பிடிக்கிறது. திரை ஓரத்திலிருந்து டான்ஸ் பார்ட்டுக்காரப் பெண் சுழன்றபடி வர, பபூன் அறியாதவர்போல் குறுக்கே நகர, இருவரும் மோதிக்கொள்கிறார்கள். 'ஒரு பொம்பளைக்கு ராத்திரி நேரத்தில் இங்கே என்ன வேலை?' என்பதில் வாய்ச்சண்டை தொடங்கும். ஆண் உசத்தியா பெண் உசத்தியா என்று வளரும், பந்தயமாகும், காதலில் போய் முடியும். எழுதிவைத்த வசனம் எதுவும் கிடையாது. பபூன் எந்தப் பக்கம் பேச்சைத் திருப்புவார் என்று பாதத்தை நிறுத்தாமலே கணிக்க வேண்டும். இரட்டை அர்த்தப் பேச்சு வந்தால் கூட்டமும் சிரிக்க வேண்டும், தன் மானமும் போகக் கூடாது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்ய வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அதுவரை கூட்டம் எழுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது இந்த இருவர் பாடு.

இத்தனைக்கும் மரியாதை என்று வரும்போது டான்ஸ் கடைசிப் படியில். குரல் வளமும் தர்க்கப் பாடல்களும் கைவந்தவர் ஸ்திரீபார்ட்டாக உயரலாம். அது அமையாதவருக்கு வயது ஏற ஏறத் தேதி குறையும். பிறகு தோழி, தாய் என்று சில்லறை வேடங்கள். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1990களில் மதுரைப் பக்கம் இந்தக் கலைஞர்களோடு சுற்றி, 2005இல் தமிழ் மேடையின் களங்கம் பற்றியே ஒரு நூல் எழுதினார். அந்நியர் முன்னே ஆடுவதுதான் அந்தக் களங்கம். அதனால்தான் பயணத்தில் நாடகக்காரி என்று தெரியாதபடி சாதாரணமாக உடுத்தி, ஒதுங்கி உட்கார்ந்து போகிறார்கள் என்று அவர் விவரிக்கிறார். மேடையில் கூட்டத்தையே இழுத்துப் பிடிப்பவர், விடிந்ததும் பஸ்ஸில் யார் கண்ணிலும் படாமல் வீடு திரும்பப் பார்க்கிறார்.

ஆடுகிறவளுக்கு வயதாவது குறையா? பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்குச் சென்னை மியூசிக் அகாடமி 1973இல் சங்கீத கலாநிதி கொடுத்தபோது அவருக்கு 55 வயது. அபிநயம் முதிர்ந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். நியூயார்க்கின் பிராட்வே இசை நாடக மேடையில் 1957இல் 'வெஸ்ட் சைடு ஸ்டோரி'யில் ஆடிய சீட்டா ரிவேரா, 1993இல் 60 வயதில் டோனி விருது வாங்கினார். பபூனின் கண்ணசைவைப் பார்த்தே அடுத்த பேச்சைப் பிடிக்கிற அனுபவமும் முதிர்ச்சிதான். அதை முதிர்ச்சி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அதே நியூயார்க்கில் 1974இல் பின்வரிசை ஆட்டக்காரர்கள் சிலர் கூடி உட்கார்ந்து, தங்கள் வாழ்க்கையை விடிய விடிய டேப்பில் பேசிப் பதிந்தார்கள். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த 'எ கோரஸ் லைன்' 1975இல் மேடையேறி 15 ஆண்டுகள் ஓடியது. நம்மிடம் அப்படியொரு பதிவுக்குப் பெரிய செலவும் ஆகாது, செல்போன் போதும். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் நடிகர் சங்கங்களில் ஆட்டத்தை விட்ட மூத்தவர்களை விசாரித்து, ஆள் சம்மதித்தால் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். உங்கள் ஊர்த் திருவிழாவின் பழைய நாடக நோட்டீஸ் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கலைஞரின் பெயர், ஊர், பார்ட், படம் நான்கும் ஒரே தாளில் கிடைக்கிற சான்று அது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நோட்டீஸை வாங்கிக்கொள்வார்களா என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.