சாக்லேட்டுக்குள் ஒரு சில்லு

நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் இருப்பது டெராஹெர்ட்ஸ் அலை. காகிதம், அட்டை, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஊடுருவும். எக்ஸ் கதிரைப் போல அணுக்களை அயனியாக்காது. இதன் வேலைகளில் என்னை மிகவும் கவர்ந்தது சாக்லேட் சோதனைதான். உலோகத்தைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகளில் கருவி உண்டு. கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக் துணுக்கும் அதற்குத் தட்டுப்படாது. ஜெர்மானியர்களான யோர்டென்ஸ், கோக் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி சொன்னது. சாக்லேட்டைக் கடந்துவரும் டெராஹெர்ட்ஸ் துடிப்பின் வடிவத்தைப் பார்த்தே, உள்ளே இருப்பது பருப்பா வேண்டாத பொருளா என்று பிரித்துவிடலாம். என்ன அழகான யோசனை!

ஈரம்தான் தடை. தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும், தடித்த பழத்துக்குள் எட்டிப்பார்க்க முடியாது. ஆனால் அதே குணம்தான் ஈரத்தை அளக்கவும் உதவுகிறது: 1995இல் பெல் ஆய்வகத்தின் ஹூவும் நஸ்ஸும் எடுத்த படங்களில், ஓர் இலை 48 மணி நேரத்தில் நீர் இழந்தது தெளிவாகத் தெரிந்தது.