கறுப்புத் திரைக்கு முன் வரும் நீலத் திரை

லினக்ஸில் என்விடியா டிரைவர் என்றாலே இன்றைக்கும் பலர் கும்பிடு போட்டு ஒதுங்குகிறார்கள். 2012-ல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்துக்கு நடுவிரலைக் காட்டிய காலத்துப் பயம் அது. இன்டெல், என்விடியா இரண்டும் உள்ள மடிக்கணினியில் உபுண்டு 24.04-ஐ ஓட்டிப் பார்த்ததில், அவ்வளவு பயம் தேவையில்லை என்றுதான் சொல்வேன்.

'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, 'டெஸ்டட்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பெரிய எண்ணைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். 'சர்வர்' என்று முடிபவை நமக்கானவை அல்ல.

வம்பு செக்யூர் பூட்டில்தான். அது இயங்கும்போது, கையொப்பமில்லாத மாட்யூலை கெர்னல் உள்ளே விடாது. உபுண்டுவே கையொப்பமிட்டுத் தருவது கிடைத்தால் தொல்லையில்லை. டிகேஎம்எஸ் வழியாக நம் கணினியிலேயே உருவாகும் மாட்யூல் என்றால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி பூட் ஆகும்போது நீலத் திரை வரும். அதில் 'என்ரோல் மோக்' கொடுத்து அதே கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். சில விநாடிகள் சும்மா இருந்தால் திரை போய்விடும். இவ்வளவு முக்கியமான படியை இப்படி ஓட்டமாக ஓடவிட்டிருப்பது அநியாயம்.

தவறவிட்டால் என்ன ஆகும்? மடிக்கணினியின் சொந்தத் திரை இன்டெல் புண்ணியத்தில் ஒழுங்காக வரும். எச்டிஎம்ஐ-யில் மாட்டிய மானிட்டர் மட்டும் இருட்டாக இருக்கும். பல கேமிங் மடிக்கணினிகளில் அந்த போர்ட் நேராக என்விடியா சிப்போடு இணைந்திருப்பதே காரணம். கேபிளை மாற்றுவதற்கு முன் டெர்மினலில் 'என்விடியா-எஸ்எம்ஐ' அடித்துப் பாருங்கள். டிரைவரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று பதில் வந்தால், மானிட்டர் நிரபராதி.

எந்தத் திரையுமே வராவிட்டால், கிரப் மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 தட்டலாம். படம் மட்டமாகத்தான் வரும். பழுது பார்க்க அது போதும்.

திரைக் காட்சியைக் கையாளும் வேலேண்டில் பழைய செயலிகள் மினுங்கும் தொல்லை, 2024-ல் வந்த 555 டிரைவரோடு பெரிதும் அடங்கிவிட்டது. அதற்கு முந்தையதை வைத்திருப்பவர்கள் லாகின் திரையின் பல்சக்கரக் குறியில் வேலேண்டுக்குப் பதில் பழைய எக்ஸ்ஆர்க்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

என்விடியாவின் குடா தேவைப்படும் வேலையோ கனமான கேம்களோ இல்லை, புதிதாக மடிக்கணினி வாங்கப்போகிறீர்கள் என்றால் ஏஎம்டி பக்கம் பாருங்கள். அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வருகிறது. நீலத் திரைக்கு வேலையே இல்லை.