மறதிக்கு அறுபதாயிரம் யூனிட்

முதியவர்களுக்கு வைட்டமின் டி கொடுப்பதென்றால் தினசரி மாத்திரை வேண்டாம், வாரமோ மாதமோ ஒரு 60,000 யூனிட் பாக்கெட்டைப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னால் போதும் என்கிறார்கள். காரணம் எப்போதும் ஒன்றுதான்: வயதானவர்கள் மறந்துவிடுவார்கள். அக்கறையான பேச்சுதான். ஆனால் இந்த வாதம் மறதியைத் தவிர வேறு எதையும் விசாரிப்பதில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடலாம். கொழுப்பில் கரையும் இந்த வைட்டமின் உடலில் வாரக்கணக்கில் தங்கும். தினம் 1,500, வாரம் 10,500, மாதம் 45,000 யூனிட் என்று கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் ரத்தத்தில் ஏறிய அளவு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. நான்கு மாதத்துக்கு ஒருமுறை 1,00,000 யூனிட்டைத் தபாலில் அனுப்பிய 2003ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வில் எலும்பு முறிவுகள் 22 சதவீதம் குறைந்தன. மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் பலன் கரைந்துபோகும் என்பதும் சரி.

இடைவெளியை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கடுமையான சோதனை நடந்தது. எழுபது வயதைத் தாண்டிய 2,256 பெண்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை 5,00,000 யூனிட். மறக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். 2010இல் முடிவு வந்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வைட்டமின் சாப்பிட்டவர்கள் 15 சதவீதம் அதிகமாகக் கீழே விழுந்திருந்தார்கள். எலும்பு முறிவுகள் 26 சதவீதம் அதிகம். அதுவும் மருந்தை விழுங்கிய முதல் மூன்று மாதங்களில்தான் அதிகமாக விழுந்தார்கள். 2016இல் சூரிக் ஆய்வு வந்தது. ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருந்த 200 முதியவர்களில், மாதம் 24,000 யூனிட் பெற்றவர்களில் 48 சதவீதம் பேர் அந்த ஆண்டில் விழுந்தார்கள். மாதம் 60,000 பெற்றவர்களில் 67 சதவீதம் பேர். நம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற அதே 60,000. சிறிய ஆய்வுதான். ஆஸ்திரேலியாவிலேயே 21,000 பேருக்கு மேல் பங்கேற்ற இன்னோர் ஆய்வில் மாதம் 60,000 கொடுத்தும் எலும்பு முறிவுகள் கூடவில்லையே என்று கேட்கலாம். குறிப்பிடும்படி குறையவும் இல்லை. பிறகு எதற்கு அந்த மருந்து?

இங்கெல்லாம் மருந்து வயிற்றுக்குப் போய்ச் சேரத்தான் செய்தது. ஒழுங்காகச் சாப்பிட வைப்பதே இலக்கு என்றால் இவை வெற்றிக் கதைகள். விழாமல் இருப்பது இலக்கு என்றால்? ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வைட்டமின் தேவைப்பட்டால், இடைவெளி விட்ட பெரிய அளவைவிடத் தினசரிச் சிறிய அளவே மேல் என்று 2024இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் சொன்னது. நம் மருந்துச் சீட்டுகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மறதி என்ற தீர்ப்பையும் நான் அவ்வளவு எளிதில் ஏற்க மாட்டேன். பிரிட்டனில் 5,292 முதியவர்களுக்கு வைட்டமின் டி, கால்சியம், இரண்டும் சேர்ந்தது, வெற்று மாத்திரை என்று நான்கு விதமாகத் தினசரி கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். ஆனால் அதிகம் கைவிட்டவர்கள் கால்சியம் பெற்றவர்கள். வயிற்றுத் தொந்தரவு ஒரு முக்கியக் காரணம். இதை மறதி என்று எந்தக் கணக்கில் எழுதுவது? 1992இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு முதியோர் இல்லங்களில் நடந்தது. அங்கே தினமும் செவிலியர் கண்முன்னால் 800 யூனிட்டும் கால்சியமும் உள்ளே போயின. இடுப்பெலும்பு முறிவுகள் 43 சதவீதம் குறைந்தன. தினசரி அட்டவணை தோற்றது எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாத வீடுகளில்தான்.

எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட் மாத்திரையைத் தினசரியிலிருந்து வாரத்துக்கு மாற்றியதும் நோயாளிகள் தொடர்ந்து சாப்பிட்டார்களே என்று எடுத்துக்காட்டுவார்கள். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதைத் தினமும் செய்வது தண்டனை. வைட்டமின் டிக்கு அப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது. சாப்பாட்டோடு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. எழுபது வயதுக்காரர் எப்படியும் காலையில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் போடுகிறார். அந்தக் கையிலேயே இன்னொரு சிறு மாத்திரையை வைப்பதில் புதிதாக நினைவு வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிக்க வேண்டிய பாக்கெட்டைத்தான் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

தவறினாலும் அளவு சிறியதாக இருப்பதே நல்லது. 1,000 யூனிட் மாத்திரையை ஒருநாள் மறந்தாலோ இரண்டு முறை போட்டாலோ ஒன்றும் ஆகாது. ‘வாரம் ஒன்று’ என்பதைத் ‘தினம் ஒன்று’ என்று புரிந்துகொண்டு 60,000 யூனிட்டைத் தினமும் விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் குழப்பமுமாக, சிறுநீரகம் பழுதாகி வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களே ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். மறதிக்காரர் என்று முத்திரை குத்திய ஒருவர் கையில், பிசகினால் ஆளைச் சாய்க்கும் அளவைக் கொடுத்தனுப்புவது என்ன தர்க்கமோ!

இந்தப் பாக்கெட்டை வாரம் ஒன்றாக எட்டு வாரம் என்று எழுதும் சீட்டுகள் பலவற்றில் ஒன்பதாவது வாரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒருவர் அதோடு நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறார். இருவருமே சொன்னபடி நடந்தவர்கள். மறந்தவர் சீட்டு எழுதியவர்.