வண்டி, கதவு, ஊன்றுகோல்

உஸ்மான் செம்பேன் சினிமாவுக்கு வந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பிறகு பிரெஞ்சில் நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். தன் நாவல்களில் வரும் மனிதர்களில் பெரும்பாலோருக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது என்பது அவரை உறுத்தியது. மாஸ்கோவுக்குப் போய் சோவியத் இயக்குநர் மார்க் தான்ஸ்கோயிடம் படமெடுக்கக் கற்றுக்கொண்டு செனகல் திரும்பினார். 1963இல் அவர் எடுத்த ‘பொரோம் சரெ’ சுமார் இருபது நிமிடம்தான். ஆப்பிரிக்க மண்ணில் கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த முதல் கதைப்படம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த மரியாதை படத்துக்குக் கொஞ்சம் கெடுதலும் செய்கிறது. கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம், படத்தில் இருக்கும் குறும்பு கண்ணில் படுவதில்லை.

டக்காரில் குதிரைவண்டி ஓட்டுபவன் ஒருவனின் ஒரு நாள். காலைத் தொழுகை முடிந்து, கழுத்துத் தாயத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்புகிறான். ஏறுகிறவர்களில் சிலர் காசுக்குப் பதில் கைகுலுக்கிவிட்டு இறங்கிப் போகிறார்கள். ஊனமுற்ற பிச்சைக்காரரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்பவன், தன் மூதாதையரின் வீரத்தைப் பாடிப் புகழும் பாணனிடம் கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்துவிடுகிறான். செம்பேன் அவனைத் திட்டவும் இல்லை, அவனுக்காக உருகவும் இல்லை. வெறும் வயிற்றோடு இருப்பவனுக்கும் குலப்பெருமை எவ்வளவு ருசிக்கும் என்று காட்டிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விடுகிறார்.

அடுத்த சவாரிகளில் ஒன்று, இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய தகப்பன். இடுகாட்டு வாசலில் காகிதம் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இந்த இடத்தில் அழுகையை இழுக்க எந்த இயக்குநருக்கும் கை பரபரக்கும். செம்பேன் குழந்தையைத் தரையில் இறக்கிவைக்கச் செய்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்.

பிறகுதான் படத்தின் உயிரான இடம். நல்ல உடை உடுத்திய ஒருவர் பிளாட்டோவுக்குப் போகவேண்டும் என்கிறார். பிளாட்டோ வெள்ளைக்காரர்கள் தங்களுக்கெனக் கட்டிக்கொண்ட மேட்டுப்பகுதி. 1914இல் கொள்ளைநோயைக் காரணம் காட்டி ஆப்பிரிக்கர்களை ஒதுக்கிக் குடியமர்த்திய இடம் மெதினா. விடுதலை வந்து மூன்று ஆண்டு ஆகியும் பிளாட்டோவுக்குள் குதிரைவண்டி நுழையக்கூடாது. வண்டி மேடேறும்போது ஒலியைக் கவனியுங்கள்: அதுவரை கூட வந்த உள்ளூர் நரம்பிசை நின்று, ஐரோப்பியச் செவ்வியல் இசை தொடங்கிவிடும். எல்லைக்கோட்டைச் செம்பேன் காதில் வரைகிறார். போலீஸ்காரர் வண்டிக்காரனின் பழைய பதக்கத்தைப் பூட்ஸால் மிதிக்கிறார், வண்டியைப் பறிமுதல் செய்கிறார். பயணி காசு தராமல் நழுவிவிடுகிறார். குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவனிடம் மனைவி கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வழி செய்வதாகச் சொல்லி வெளியே போகிறாள். எங்கே போகிறாள் என்பதைப் படம் சொல்வதில்லை.

குறும்படத்தை முழுநீளப் படத்துக்கான ஒத்திகையாகப் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. செனகலின் இன்னொரு இயக்குநர் ஜிப்ரில் தியோப் மம்பெத்தி அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியவர். ‘தூக்கி பூக்கி’ (1973), ‘இயேன்’ (1992) என்ற இரண்டு பெரிய படங்களுக்குப் பிறகு, எளிய மனிதர்களின் கதைகள் என்று ஒரு வரிசையை முக்கால் மணி நேரப் படங்களாகத் தொடங்கினார். மூன்று எடுக்க நினைத்தார். இரண்டோடு ஆயுள் முடிந்தது.

முதலாவது ‘லெ ஃபிராங்’ (1994). அந்த ஆண்டு ஜனவரியில் செனகல் உள்ளிட்ட நாடுகளின் சி.எஃப்.ஏ. ஃபிராங்கின் மதிப்பு ஒரே அறிவிப்பில் பாதியானது: ஒரு பிரெஞ்சு ஃபிராங்குக்கு 50 என்றிருந்தது 100 ஆனது. மம்பெத்தி இதற்கு விரிவுரை எதுவும் எடுக்கவில்லை. வாடகை பாக்கிக்காகத் தன் கொங்கோமா வாத்தியத்தை வீட்டுக்காரியிடம் பறிகொடுத்த மரிகோ என்ற இசைக்காரனிடம் ஒரு லாட்டரிச் சீட்டைக் கொடுக்கிறார், அவ்வளவுதான். சீட்டு தொலையாமலிருக்க அதைக் கதவில் ஒட்டி, மேலே ஏழைகளுக்காகக் கொள்ளையடித்த யாதிக்கூனின் படத்தையும் ஒட்டிவைக்கிறான் மரிகோ. பரிசு விழுந்துவிடுகிறது. சீட்டு உரிய மறுக்கிறது. கதவையே கழற்றிச் சுமந்துகொண்டு நகரத்தைக் கடக்கிறான்.

கதவோடு பஸ்ஸில் ஏறுவதும், சாப்ளினை நினைவூட்டும் அந்தத் தள்ளாட்ட நடையும் சிரிப்பை அள்ளும். ஆனால் படம் சிரிப்பில் மட்டும் நிற்பதில்லை. பிளாஸ்டிக் பைகள் பறக்கும் குப்பை வெளி, வீட்டுக்காரியாக வரும் பாடகி அமினாத்தா ஃபாலின் ஆகிருதி, நடுநடுவே குறுக்கிடும் மரிகோவின் பகற்கனவுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. முடிவில் கடலலைகளோடு அவன் நடத்தும் போராட்டத்தை இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டாவது, ‘லெ சொலெய்’ பத்திரிகை விற்கும் சிறுமியின் கதை. ‘சொலெய்’ என்றால் சூரியன். மம்பெத்தி படத்தின் தலைப்பிலேயே அவளைச் சூரியன் விற்கிறவளாக்கிவிட்டார். ஊன்றுகோல்களோடு நடக்கும் சிலி, தெருவில் பாடிப் பிச்சையெடுக்கும் பார்வையற்ற பாட்டியின் பேத்தி. பையன்கள் மட்டும் செய்யும் தொழிலில் நுழைகிறாள். அவளுக்கு நண்பனாகும் பாபு விற்பது ‘சூட்’ என்ற இன்னொரு பத்திரிகை. சிலி ‘சொலெய்’யைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அது அரசாங்கத்தின் பத்திரிகை, தான் விற்றால் அரசாங்கம் மக்களுக்குக் கிட்டத்தில் வரும் என்கிறாள். இதை அவள் அப்பாவியாகச் சொல்கிறாளா, கேலியாகவா என்று பிடிபடாதபடி, சிலியாக வரும் லிஸ்ஸா பலேரா சொல்லும் விதம்தான் நடிப்பு. கையில் பணம் இருப்பதைப் பார்த்துத் திருடியென்று சந்தேகிக்கும் போலீஸ்காரரை ஸ்டேஷனுக்கே இழுத்துப்போய் நியாயம் கேட்கிறாள்; அங்கே அடைபட்டிருக்கும் இன்னொரு பெண்ணையும் விடுவிக்கிறாள். மஞ்சள் உடையில் அவள் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. ஊன்றுகோல் அப்போது தாளம் போடும் கருவியாகிவிடுகிறது. 1998 ஜூலையில் மம்பெத்தி இறந்தார். படம் அடுத்த ஆண்டுதான் திரைக்கு வந்தது.

மூன்று படங்களிலும் வேலை செய்வது ஒரே உத்தி: ஒரு மனிதர், அவர் கையில் ஒரு பொருள், கடந்தாக வேண்டிய ஒரு நகரம். வண்டி பிழைப்பு, கதவு பேராசை, ஊன்றுகோல் கால். பொருளின் கனமே கதையை நகர்த்துவதால் தனியாக வில்லனோ கிளைக்கதையோ தேவைப்படவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு இழுத்தால் மரிகோவின் கதவு வெறும் வேடிக்கையாகத் தேய்ந்துபோயிருக்கும். அட்லாண்டிக்குக்கு அப்பால் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் சார்ல்ஸ் பர்னெட் எடுத்த ‘வென் இட் ரெயின்ஸ்’ (1995) பதின்மூன்று நிமிடத்தில் இதற்கு உறவாக நிற்கிறது. புத்தாண்டு நாளில் ஒரு பெண்ணின் வீட்டு வாடகைக்காக இசைக்காரர் ஒருவர் வீடுவீடாக அலைகிறார். கடைசியில் வீட்டுக்காரரை இளக்குவது ஒரு ஜாஸ் இசைத்தட்டு. வாடகையும் இசையும் இங்கேயும் ஒன்றையொன்று விடவில்லை.

மம்பெத்தியின் தம்பி மகள் மாத்தி தியோப் பின்னாளில் கேன்ஸிலும் பெர்லினிலும் பெரிய விருதுகள் வாங்கினார். அதற்கெல்லாம் முன்னால் எடுத்த ‘அத்லாந்திக்’ (2009) பதினைந்து நிமிடம். இரவில் கடற்கரையில் தீ மூட்டிக்கொண்டு இளைஞர்கள் மரப்படகில் ஐரோப்பா போவதைப் பற்றிப் பேசுகிறார்கள். யாரும் எதையும் சுமப்பதில்லை, எங்கும் நகர்வதுமில்லை. பெரியப்பாவின் நகைச்சுவையைத் தேடிப்போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

திரைப்பட விழா ஒன்றில் செம்பேன், மம்பெத்தியின் இந்த மூன்று படங்களையும் ஒரே மாலையில் போட்டால் முதலில் செம்பேன், உடனே ‘லெ ஃபிராங்’. பிறகு ஒரு தேநீர் இடைவேளை கட்டாயம் வேண்டும். சிலியின் படத்துக்குப் புதுக் கண் வேண்டியிருக்கிறது. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். ‘அத்லாந்திக்’கை மட்டும் இந்த வரிசையில் நுழைக்காமல் வேறொரு நாளுக்கு வைத்துவிடலாம்.