கட்டாரியின் கைக்காப்பு

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் நம்மவர்கள் புலிமேல் வரும் சுவாமியை அறிவார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த திப்புவின் வாட்பிடிகளிலும் புலிமுகம் உண்டு. தஞ்சைக் கட்டாரியிலோ யாளி. 17-ஆம் நூற்றாண்டுத் தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு. விரல்களை மூடும் எஃகுக் காப்பும் அதன் சித்திர வேலையும்தான் நம்ம ஊர்க் கொல்லர் கைவண்ணம். ஜப்பானியர் தங்கள் வாளின் காப்புத் தகடான ‘சூபா’வைத் தனிக்கலையாகவே போற்றிச் சேர்க்கிறார்கள். நாமோ அலகின் கூர்மையை மட்டுமே பேசுகிறோம். இது சரியில்லை என்பேன். அலகு வெட்டும், காப்பு கையைக் காக்கும். கொல்லாமையைப் போற்றும் சமணனாகிய எனக்குக் காப்பதே பெரிது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதங்கள் உள்ளன. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போய் முதலில் பிடியைக் காட்டுங்கள். அலகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.